லண்டனில் வாடகை வீடு: கெட்ட கிரெடிட், ஜாமீன் கையெழுத்து – கேள்வி பதில்

கிழக்கு லண்டனில் ஒரு வாடகை ஏஜென்சியில் பதினோரு வருடம் வேலை பார்த்தேன். வீடு கேட்டு வருகிறவர்களின் சம்பளச் சீட்டு, கிரெடிட் ஃபைல் (கடனும் பில்லும் கட்டிய வரலாறு), ஜாமீன் பத்திரம் எல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் போகும். இங்கே சொல்வது இங்கிலாந்துச் சட்டம்.

ஈஸ்ட் ஹாமிலிருந்து ஒருவர்: அக்கா, பழைய வீட்டு கரண்ட் பில் பாக்கிக்காக என் மேல் ஒரு சிசிஜே இருக்கிறதாம். போன வாரம்தான் தெரியும். ஏஜெண்டிடம் சொல்லாமல் விட்டுவிடலாமா?

விடாதீர்கள். சிசிஜே என்பது கவுண்டி நீதிமன்றத் தீர்ப்பு, பொதுப் பதிவேட்டில் ஆறு வருடம் இருக்கும். ரெஃபரன்ஸ் பார்க்கிறவர்கள், அதாவது வீடு கேட்பவரின் பின்னணியைச் சரிபார்க்கிறவர்கள், முதலில் தேடுவதே அதைத்தான். வீட்டைப் பிடித்து வைக்க ஒரு வார வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது என்று 2019 சட்டம் சொல்கிறது. ஆனால் நீங்கள் தவறான தகவல் கொடுத்தது தெரிந்தால் அந்தப் பணத்தை அவர்களே வைத்துக்கொள்ளலாம் என்றும் அதே சட்டம் சொல்கிறது. மறைத்தால் வீடும் போகும், பணமும் போகும்.

தீர்ப்பு வந்து ஒரு மாதத்துக்குள் முழுசாகக் கட்டினால் பதிவேட்டிலிருந்தே எடுத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு கட்டினால் 'கட்டப்பட்டது' என்று குறிப்பார்கள், அதுவும் உதவும். கடிதமெல்லாம் பழைய முகவரிக்குப் போய் உங்களுக்கு எதுவுமே தெரியாமல் தீர்ப்பு வந்திருந்தால், ரத்து செய்யச் சொல்லி மனுப் போட வழி இருக்கிறது. தாமதிக்காமல் சிட்டிசன்ஸ் அட்வைஸ் (இலவச ஆலோசனை தரும் அமைப்பு) போய்க் கேளுங்கள். அப்புறம், கிரெடிட் ஃபைல் வைத்திருக்கும் நிறுவனங்களான எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் மூன்றிலும் உங்கள் ஃபைலில் 200 சொற்கள் வரை விளக்கம் சேர்க்கலாம். என்ன பாக்கி, ஏன் விடுபட்டது, எப்போது கட்டினீர்கள் என்று மூன்றே வரி போதும். அப்படி விளக்கம் இருந்த பலருக்கு வீட்டுக்காரர்கள் சரி சொன்னதை நான் பார்த்திருக்கிறேன்.

லெஸ்டரில் படிக்கும் தம்பி: ஊரிலிருந்து புதிதாக வந்திருக்கிறேன். கிரெடிட் ஸ்கோர் எவ்வளவு இருந்தால் வீடு தருவார்கள்?

அப்படி ஒரு எண் கிடையாது. மூன்று நிறுவனங்களும் மூன்று அளவுகோல் வைத்திருக்கின்றன. ஆப்பில் தெரியும் எண்ணை ஏஜெண்ட் பெரும்பாலும் பார்ப்பதே இல்லை. சிசிஜே, திவால், வாக்காளர் பட்டியல், சம்பளம், இவற்றைத்தான் பார்ப்பார்.

உங்களுக்கு இருப்பது கெட்ட கிரெடிட் இல்லை, இன்னும் எதுவும் பதிவாகாத வெற்று ஃபைல். ஊரிலிருந்து புதிதாக வந்த எல்லோருக்கும் அப்படித்தான். நம்மில் பலருக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன்: இந்தியக் குடிமக்களும் இலங்கைக் குடிமக்களும் காமன்வெல்த் குடிமக்கள். செல்லுபடியாகும் விசாவோடு இங்கே வசித்தால் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கலாம். ஆன்லைனில் கொஞ்ச நேர வேலை, செலவில்லை. உங்கள் முகவரி உறுதியாகும். இன்றைக்கே செய்யுங்கள்.

வெம்ப்ளியிலிருந்து: கிரெடிட் சரியில்லை, கேரண்டரும் (ஜாமீன் நிற்பவர்) இல்லை. ஆறு மாத வாடகையை முன்கூட்டியே தருகிறேன் என்றால் ஏஜெண்ட் முடியாது என்கிறார்.

அவர் சொல்வது சரி. 2026 மே 1 முதல் தனியார் வீடுகளின் புதிய ஒப்பந்தங்களில் குடியேறும் முன் ஒரு மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. நம் ஆட்கள் நிறையப் பேர் கையில் காசு வைத்து சமாளித்த வழி அது. அது அடைபட்டதால் இப்போது பலர் கேரண்டர் கேட்கிறார்கள். சில கவுன்சில்கள் டெபாசிட்டுக்கு உத்தரவாதம் தரும் திட்டம் வைத்திருக்கின்றன, உங்கள் கவுன்சிலில் விசாரியுங்கள்.

கிராய்டனிலிருந்து ஒரு தங்கை: என் கணவரின் அத்தை மகன் இன்னும் மூன்று பேரோடு சேர்ந்து வீடு எடுக்கிறான். மாதம் 2,400 பவுண்டு, அவன் பங்கு 600. என்னை கேரண்டராகக் கையெழுத்துப் போடச் சொல்கிறான். 600 பவுண்டுக்குத்தானே பொறுப்பு?

இல்லை. பத்திரத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால் 2,400-க்கும் நீங்கள்தான் பொறுப்பு. நாலு பேரும் ஒரே ஒப்பந்தத்தில் இருந்தால் ஒவ்வொருவரும் முழு வாடகைக்கும் கடன்பட்டவர்கள். நீங்கள் முகமே பார்க்காத பையன் வேலை போய் ஊருக்குக் கிளம்பினாலும் கடிதம் உங்கள் வீட்டுக்கு வரலாம்.

என் மாமாவுக்கு அதுதான் நடந்தது. கூட வேலை செய்தவரின் மகனுக்காகப் போட்டார். மூன்று பக்கப் பத்திரத்தில் கடைசிப் பக்கம் மட்டும் மடித்து நீட்டினார்களாம், டீ ஆறுவதற்குள் போட்டுவிட்டார். ஒன்றரை வருடம் கழித்து நார்தாம்டனிலிருந்து நீதிமன்ற உறை வந்தது. மாமா அதைப் பிரிக்காமல் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார். பதில் சொல்ல இருந்த 14 நாளும் அப்படியே போயின. கடைசியில் சிசிஜே மாமா பெயரில் விழுந்தது. அவர் தன் வாழ்நாளில் ஒரு பில் கூடத் தாமதமாகக் கட்டியவர் இல்லை.

நீங்கள் கேட்க வேண்டியது: பொறுப்பு அவன் பங்கு 600-க்கு மட்டும், மொத்தத்துக்கு ஒரு உச்சவரம்பு, வாடகை ஏறினால் உங்கள் சம்மதம், ஒரு முடிவுத் தேதி. தேதி ரொம்ப முக்கியம். 2026 மே 1-க்குப் பிறகு ஒப்பந்தங்களுக்குக் குறிப்பிட்ட காலமே இல்லை, மாதா மாதம் நீளும். தேதி எழுதாத ஜாமீனும் கூடவே நீளலாம். பத்திரம் முழுவதையும் படிக்காமல் பேனாவைத் தொடாதீர்கள்.

ஹாரோவிலிருந்து ஒரு அண்ணா: சொந்தக்காரப் பையனுக்குக் கூடக் கையெழுத்துப் போடாதே என்று சொல்லித் தருகிறீர்களா? நான் இந்த நாட்டுக்கு வந்தபோது யாரோ ஒரு தமிழர் பிணை நின்றதால்தான் எனக்கு அறை கிடைத்தது.

அண்ணா, போடாதே என்று நான் சொல்லவில்லை. படித்துவிட்டுப் போடு என்கிறேன். உங்களுக்குப் பிணை நின்றவரை நானும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். அவர் உங்கள் ஒருவருக்கு நின்றார். இந்தத் தங்கையை நாலு பேருக்கு நிற்கச் சொல்கிறார்கள், அதுவும் அவளுக்கே தெரியாமல்.

இல்ஃபோர்டிலிருந்து: அக்கா சொல்வது சரி. என் பெரியம்மா இரண்டு வருடமாக இன்னொருவர் பாக்கியை மாதம் 150 பவுண்டாகக் கட்டுகிறார். அந்தக் குடும்பம் இப்போது கல்யாண வீட்டில் கூட முகம் கொடுப்பதில்லை.

மறுபடி ஹாரோ அண்ணா: உறவுக்குள் 'உச்சவரம்பு எழுது' என்று கேட்டால் நம்பிக்கை இல்லை என்றுதானே அர்த்தம்?

அந்த வரம்பைப் பையனிடம் கேட்கவில்லை அண்ணா, வீட்டுக்காரரிடம் கேட்கிறோம். பையனை நம்பலாம். கூட இருக்கும் மூன்று பேரை யார் நம்புவது? இல்ஃபோர்டில் உடைந்தது ஒரு உறவு. அன்றைக்கே ஒரு வரி எழுதியிருந்தால் அது இன்றைக்கும் இருந்திருக்கலாம்.

சவுத்தாலிலிருந்து: என் ஸ்கோர் 'ஃபேர்' என்று காட்டுகிறது. வீடு கிடைக்குமா?

லெஸ்டர் தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கிளாஸ்கோவிலிருந்து: எங்கள் ஊரில் டெபாசிட் எவ்வளவு?

ஸ்காட்லாந்துச் சட்டம் வேறு. ஷெல்டர் ஸ்காட்லாந்து என்ற வீட்டு உதவி அமைப்பிடம் கேளுங்கள். இங்கிலாந்தில் ஐந்து வார வாடகைதான் உச்சம் (வருட வாடகை 50,000 பவுண்டுக்குக் கீழ் இருந்தால்). மாதம் 1,500 என்றால் ஏறக்குறைய 1,730.

லூட்டனிலிருந்து: என் சம்பளம் போதாதாம். 300 பவுண்டுக்கு சம்பளச் சீட்டும் கேரண்டரும் ஏற்பாடு செய்வதாக வாட்ஸப்பில் ஒருவர் சொல்கிறார்.

அது மோசடி. மாட்டினால் குற்றவாளி நீங்கள்தான், விசாவுக்கும் ஆபத்து. அந்த எண்ணை பிளாக் பண்ணுங்கள். ஏஜென்சிகளில் பொதுவான கணக்கு இது: உங்கள் வருடச் சம்பளம் மாத வாடகையைப் போல 30 மடங்கு, கேரண்டருக்கு 36 மடங்கு. 1,500 வாடகைக்கு 45,000, 54,000. எட்டாவிட்டால் சின்ன வீடு பாருங்கள். இல்லையென்றால் கட்டணம் வாங்கி ஜாமீன் நிற்கும் முறையான கம்பெனிகள் உண்டு. அந்தக் கட்டணம் திரும்ப வராது. அவர்கள் கட்டிய பாக்கியை உங்களிடமே வசூலிப்பார்கள், இன்ஷூரன்ஸ் என்று நினைத்துவிடாதீர்கள்.

ஹவுன்ஸ்லோவிலிருந்து: அப்பா மதுரையில் ரிட்டயர்ட் ஆபீசர், நல்ல பென்ஷன். அவர் கேரண்டர் ஆகலாமா?

பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள். இங்கே வசிப்பவரைத்தான் கேட்பார்கள், மதுரையில் இருப்பவரிடம் வசூலிப்பது அவர்களுக்குக் கஷ்டம்.

டூட்டிங்கிலிருந்து: பத்து வருடமாகச் சீட்டு கட்டுகிறேன், ஒரு தவணை தவறியதில்லை. அது கிரெடிட் ஃபைலில் வருமா?

வராது. அதில் எனக்கும் வருத்தம்தான். உங்கள் பேரில் ஒரு போன் ஒப்பந்தமோ சின்ன கிரெடிட் கார்டோ வைத்து மாதா மாதம் முழுசாகக் கட்டுங்கள், அது வரும். இன்னொன்று: ஒரே வீட்டில் இருக்கும் மச்சான் கடன் உங்கள் ஃபைலில் ஏறாது. கூட்டுக் கணக்கோ கூட்டுக் கடனோ இருந்தால்தான் இருவரையும் இணைப்பார்கள்.

ஸ்லாவிலிருந்து: அக்கா, ஸ்கோர்…

லெஸ்டர் தம்பி பதில்.

கிராய்டன் தங்கை: அக்கா, ஏஜெண்டிடம் பேசினேன். 600-க்கு மட்டும், ஒரு வருடத்துக்கு மட்டும் என்று ஒத்துக்கொண்டு ஈமெயில் போட்டிருக்கிறார். இப்போது போடலாமா?

ரொம்ப சந்தோஷம் அம்மா. ஈமெயிலோடு நிற்காதீர்கள், அந்த இரண்டு வரியும் பத்திரத்துக்குள் ஏற வேண்டும். திருத்திய பத்திரம் கைக்கு வந்ததும் மூன்று பக்கமும் படியுங்கள். உங்கள் கையெழுத்துக்குச் சாட்சி போடுகிறவர் அந்த நேரத்தில் எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு நகலை வாங்காமல் எழுந்து வராதீர்கள்.