பௌத்தக் கொள்கைகளைப் பள்ளியின் கல்வி நிர்வாகத்தில் கடைப்பிடிக்க முடியுமா?

முடியும். சென்னையில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பாடத்திட்டம், தேர்வு, கால அட்டவணை ஆகியவற்றைக் கவனிக்கும் பொறுப்பில் இருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

இந்தக் கேள்வி வந்தாலே காலை வழிபாட்டில் ஐந்து நிமிடத் தியானம், சுவரில் புத்தர் படம் என்று பலர் தொடங்கிவிடுகிறார்கள். தியானம் நல்லதுதான். ஆனால் நிர்வாகத்துக்கு வேண்டியது பௌத்தத் துறவியருக்கான விதித் தொகுப்பான விநய பிடகத்தில் இருக்கிறது. நூற்றுக்கணக்கான துறவிகள் சேர்ந்து வாழ்ந்த சங்கத்தில் கூட்டத்தை எப்படி நடத்துவது, குறையை எப்படிச் சொல்வது, பூசலை எப்படித் தீர்ப்பது என்றெல்லாம் வகுத்து வைத்த விதிகள் அவை.

அந்த விதிகளின்படி, பிறர் குறையைச் சுட்டப்போகும் துறவி ஐந்தை உறுதி செய்துகொள்ள வேண்டும்: உரிய நேரத்தில் சொல்கிறேனா, உண்மையைச் சொல்கிறேனா, மென்மையாகச் சொல்கிறேனா, பயன்படும்படி சொல்கிறேனா, அன்போடு சொல்கிறேனா. நம் பள்ளிகளின் மதிப்பெண் ஆய்வுக் கூட்டங்களை இந்த ஐந்தில் உரசிப் பாருங்கள். தேர்ச்சி விழுக்காட்டைத் திரையில் போட்டு, குறைந்த வகுப்பின் ஆசிரியரை எல்லார் முன்னிலையிலும் எழுப்பி நிறுத்துகிறோம். எண் உண்மைதான், மற்ற நான்கும் அங்கே இல்லை. அடுத்த தேர்வில் அந்த ஆசிரியர் கற்பிப்பதை விட்டுவிட்டு, மாதிரி வினாக்களை மனப்பாடம் செய்ய வைப்பார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஒன்று இருப்பதால் இன்னொன்று உண்டாகிறது என்னும் சார்பில் தோற்றம் தமிழருக்குப் புதிதல்ல. மணிமேகலையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் விரித்துச் சொல்வது இதைத்தான். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பிரிவு மட்டும் கணக்கில் சரிந்தபோது ஆசிரியரோடு உட்கார்ந்து விடைத்தாள்களைப் பிரித்தோம். சூத்திரம் சரி, பெருக்கல் சரி. வாக்கியக் கணக்குகளுக்கான இடம் மட்டும் தாளுக்குத் தாள் வெறுமையாகக் கிடந்தது. அந்தப் பிரிவில் பலர் எட்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்து வந்தவர்கள். ஆங்கிலத்தில் வினாவே புரியவில்லை. கணக்கு ஆசிரியரைக் கண்டித்திருந்தால் இது வெளியே வந்திருக்காது. வாரத்தில் ஒரு பாடவேளையை ஆங்கில ஆசிரியரும் கணக்கு ஆசிரியரும் சேர்ந்து எடுக்கும்படி அட்டவணையை மாற்றினோம்.

எனக்கு மிகவும் பிடித்தது பவாரணை. மழைக்காலத் தங்கல் முடியும் நாளில் ஒவ்வொரு துறவியும் தன்னிடம் கண்ட, கேட்ட, ஐயுற்ற குறைகளைச் சொல்லும்படி மற்றவர்களை வேண்டுவார். முதலில் வேண்டுபவர் மூத்தவர். பள்ளியில் இது தலைகீழாக நடக்கிறது: புதிதாகச் சேர்ந்த ஆசிரியரின் பாடக் குறிப்பேட்டில் சிவப்பு மை நிறைகிறது, நிர்வாகத்தில் இருக்கும் நம் வேலையை யாரும் திருத்துவதில்லை. பருவ இறுதியில், "என் அட்டவணையால் உங்களுக்கு என்ன இடைஞ்சல்?" என்று நான் முதலில் கேட்கிறேன். உடனே யாரும் வாய் திறக்க மாட்டார்கள். கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். சொன்னவரை மறுவாரம் ஆசிரியர் வராத வகுப்புகளுக்கெல்லாம் அனுப்பிப் பழிவாங்காமலும் இருக்க வேண்டும்.

தாய்லாந்தின் மகாசுலாலங்கோர்ன் பௌத்தப் பல்கலைக்கழகத்தில் பௌத்தக் கல்வி நிர்வாகம் தனிப் படிப்பாகவே இருக்கிறது. நமக்கும் இது அந்நியமானதல்ல. அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கியது நம் ராயப்பேட்டையில்தான். நான் சொன்ன எதற்கும் யாரும் மதம் மாற வேண்டியதில்லை. எங்கள் ஆசிரியர்களில் எல்லா மதத்தினரும் உண்டு.

தொடங்குவதானால் காலாண்டுத் தேர்வுக்குப் பிந்தைய ஆய்வுக் கூட்டத்தில் தொடங்குங்கள். விழுக்காட்டுப் பட்டியலைத் திரையில் போடாமல், விடைத்தாள் கட்டுகளை மேசைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள்.