இண்டிபாப் கேள்வி பதில்: மறைந்துபோன குழுக்களும் புதிய வெளியீடுகளும்

கேள்வி: இண்டிபாப் என்பது இண்டி ராக்கின் ஒரு பிரிவுதானா? எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்?

பதில்: இண்டி என்றால் பெரிய நிறுவனங்களைச் சாராத சுயேச்சை இசை; நான் இங்கே பேசுவது பிரிட்டனில் வளர்ந்த இண்டிபாப்பை, இந்தியப் பாப் இசையை அல்ல. இண்டி ராக்குக்கும் இதற்கும் வேர் ஒன்றுதான், வளர்ந்த விதம் வேறு. 1979-இல் ஆலன் ஹார்ன் கிளாஸ்கோவில் தொடங்கிய போஸ்ட்கார்ட் என்ற லேபிளும் (பாடல்களை வெளியிடும் நிறுவனம்), அதில் வெளிவந்த ஆரஞ்சு ஜூஸ், ஆஸ்டெக் கேமரா போன்ற குழுக்களும், யாரையும் எதிர்பார்க்காமல் நாமே பாட்டுப் போடலாம் என்ற துணிவைப் பங்க் இசையிலிருந்து எடுத்துக்கொண்டன. ஆனால் அதன் ஆவேசத்தை விட்டுவிட்டு, கணீரென்று ஒலிக்கும் கிதாரையும் இனிமையான மெட்டையும் நம்பின. 1986-இல் என்எம்இ என்ற பிரிட்டிஷ் இசை வார இதழ் வெளியிட்ட சி86 என்ற கேசட், இருபத்திரண்டு குழுக்களின் பாடல்களை ஒன்றாகத் திரட்டியது. பலரும் அதையே தொடக்கப் புள்ளியாகச் சொல்வார்கள். அதில் முரட்டு ஓசை கொண்ட குழுக்களும் கணிசமாக உண்டு என்பதால், புதியவர்களுக்கு நான் பரிந்துரைப்பது 2014-இல் செர்ரி ரெட் நிறுவனம் மூன்று சிடிகளாக விரித்து வெளியிட்ட பதிப்பையே.

கேள்வி: நண்பர் பல ஆண்டுகளுக்கு முன் பதிந்து கொடுத்த கேசட்டில் குழுவின் பெயர் மட்டுமே எழுதியிருக்கிறது. இணையத்தில் தேடினால் சம்பந்தமில்லாதவைதான் வருகின்றன. எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: இந்தக் குழுக்களில் பல அன்றாடச் சொற்களையே பெயராக வைத்துக்கொண்டதுதான் சிக்கலுக்குக் காரணம். பிரைட்டர், ஹெவன்லி, தி வேக், தி ஆர்கிட்ஸ் என்று தேடினால் வேறென்ன வரும்? ஆகவே குழுவின் பெயரை விட்டுவிட்டு லேபிளின் வழியாகத் தேடுங்கள். இசை வெளியீடுகளைப் பட்டியலிடும் டிஸ்காக்ஸ் தளத்தில் ஒரு லேபிளின் பக்கத்தைத் திறந்தால் அதன் வெளியீடுகள் அனைத்தும் பட்டியல் எண்ணோடு வரிசையாக இருக்கும். பத்து நிமிடம் பொறுமையாக உருட்டிப் பார்த்தால், பாதி நினைவில் இருக்கும் பெயர் கண்ணில் பட்டுவிடும்.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து சாரா ரெக்கார்ட்ஸ். கிளேர் வாட், மேட் ஹெய்ன்ஸ் என்ற இருவர் 1987-இல் தொடங்கி, 1995-இல் நூறாவது வெளியீட்டோடு தாங்களாகவே மூடிவிட்ட லேபிள் அது. முதல் வெளியீடு தி சீ அர்ச்சின்ஸ் குழுவின் ஏழு அங்குலத் தட்டு. ஒன்று முதல் நூறு வரை எண்கள் ஓடுவதால், எந்த ஆண்டில் யார் யாரோடு இருந்தார்கள் என்பதை அந்த வரிசையே சொல்லிவிடும். தொகுப்பு ஆல்பங்களுக்குக்கூட ஏர் பலூன் ரோடு, டெம்பிள் கிளவுட், ஜெயில் ஃபெரி பிரிட்ஜ் என்று தங்கள் ஊரையும் சுற்றுவட்டாரத்தையும் சேர்ந்த இடங்களின் பெயர்களையே வைத்தார்கள்.

கையில் தட்டே இருந்தால் வேலை இன்னும் எளிது. கடைசிப் பாடல் முடியும் இடத்துக்கும் நடுவில் ஒட்டிய வட்டத் தாளுக்கும் இடைப்பட்ட வெற்றுப் பகுதியை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அங்கே ஒரு எண்ணும், சில சமயம் கையால் கீறிய ஒரு வாசகமும் இருக்கும். அதை அப்படியே தேடுபெட்டியில் தட்டச்சு செய்தால் எந்தப் பதிப்பு என்பது வரை தெரிந்துவிடும். உறையின் பின்புறத்தில் நன்றி சொல்லியிருக்கும் பெயர்களையும் படியுங்கள். நான் அறிந்த நல்ல குழுக்களில் பாதி, மற்றொரு குழுவின் நன்றிப் பட்டியலிலிருந்து கிடைத்தவைதான்.

கேள்வி: இவ்வளவு நல்ல பாடல்கள் ஏன் ஸ்ட்ரீமிங் செயலிகளில் இல்லை?

பதில்: பெரும்பாலும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதே தெளிவாக இல்லாததுதான் காரணம். பல குழுக்கள் ஒப்பந்தம் எழுதாமல், வாய்ப்பேச்சில் ஓரிரு தட்டுகள் வெளியிட்டுவிட்டுக் கலைந்தன. அவற்றைக் கடைகளுக்குக் கொண்டுபோன சுயேச்சை விநியோகஸ்தர்களும் நிலைக்கவில்லை. 1988-இல் ரெட் ரைனோவும் 1991-இல் ரஃப் டிரேடின் விநியோகப் பிரிவும் நொடித்துப் போனபோது, அவற்றை நம்பியிருந்த சிறு லேபிள்கள் கடும் நட்டத்துக்கு உள்ளாகின. மூல நாடா ஒருவர் வீட்டுப் பரணில் இருக்கும். பாடியவர் வேறொரு நாட்டில் இருப்பார். யாராவது ஒருவர் அக்கறையோடு அவர்களைத் தேடிப்பிடித்து, எல்லோரிடமும் சம்மதம் வாங்கினால்தான் அந்தப் பாடல் மீண்டும் வெளிவரும். பெர்லினின் ஃபயர்ஸ்டேஷன், இங்கிலாந்தின் ஆப்டிக் நெர்வ் போன்ற மறுவெளியீட்டு லேபிள்கள் இந்த வேலையைத்தான் செய்துவருகின்றன.

கேள்வி: இது குழந்தைத்தனமான, பலவீனமான இசை என்று ஒரு விமர்சனம் உண்டு. உங்கள் கருத்து என்ன?

பதில்: அந்தக் காலத்து ஆங்கில இசை இதழ்கள் பரப்பிய விமர்சனம் அது, எனக்கு அதில் துளியும் உடன்பாடு இல்லை. ஹெவன்லி குழு 1993-இல் வெளியிட்ட 'ஹார்ட்ஸ் அண்ட் கிராசஸ்' என்ற பாடலைக் கேளுங்கள். கோடை விடுமுறைப் பாட்டைப் போலத் துள்ளும் மெட்டில், ஒரு பெண் தான் விரும்பிய ஆணாலேயே வன்புணர்வுக்கு ஆளாவதை அது சொல்கிறது. மெட்டின் குதூகலம் அந்தக் கொடுமையைக் குறைப்பதில்லை. அந்தப் பெண்ணின் நம்பிக்கை எவ்வளவு கள்ளமற்றது என்பதைக் காட்டி, கேட்பவரை அதிர வைக்கிறது. உரத்த கிதாரும் உறுமும் குரலும் மட்டுமே தீவிரம் என்று நினைப்பவர்களால் இப்படி ஒரு பாடலை எழுதியிருக்க முடியாது. அதைப் பாடிய அமீலியா ஃபிளெட்சர் ஒரு பொருளாதார வல்லுநர் என்பதையும், பிரிட்டனின் போட்டி ஒழுங்குமுறை அமைப்பில் உயர் பொறுப்பு வகித்தவர் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன்.

கேள்வி: இங்கிலாந்துக்கு வெளியே யாரைக் கேட்கலாம்?

பதில்: முதலில் நியூசிலாந்து. 1981-இல் கிறைஸ்ட்சர்ச்சில் ரோஜர் ஷெப்பர்ட் தொடங்கிய ஃபிளையிங் நன் லேபிளில் தி கிளீன், தி சில்ஸ், தி பேட்ஸ் மூன்றையும் கட்டாயம் கேட்க வேண்டும்; தி கிளீனின் முதல் பாடல் ஐம்பது டாலர் செலவில் பதிவானது. அமெரிக்காவில் ஒலிம்பியா நகரத்து கே ரெக்கார்ட்ஸ், ஸ்பெயினில் மாட்ரிட்டின் எலெஃபாண்ட், சுவீடனில் லாப்ரடார் ஆகியவை ஒவ்வொன்றும் ஒரு தனி உலகம்.

கேள்வி: புதிய வெளியீடுகளைத் தவறவிடாமல் தொடர என்ன செய்கிறீர்கள்?

பதில்: செயலிகள் தாமாகப் பரிந்துரைப்பதை நான் நம்பியிருப்பதில்லை. ஏற்கெனவே பலர் கேட்பதையே அவை மேலும் பலருக்குக் காட்டுகின்றன. முந்நூறு பிரதிகள் அச்சிடும் குழு அந்தக் கணக்கில் வராது. கலைஞர்களும் லேபிள்களும் தங்கள் இசையை நேரடியாக விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் குழுக்களைவிட லேபிள்களைப் பின்தொடருங்கள். புதிதாக எது வந்தாலும் மின்னஞ்சல் வந்துவிடும். 1989-இல் தொடங்கி இன்றும் உயிர்ப்போடு இயங்கும் அமெரிக்காவின் ஸ்லம்பர்லேண்ட் ஒன்றைத் தொடர்ந்தாலே தி அம்ப்ரெல்லாஸ், சைம் ஸ்கூல், லைட்ஹெட்டட் போன்ற இக்காலக் குழுக்கள் உங்களை வந்தடையும். அமீலியா ஃபிளெட்சரும் ராப் பர்சியும் நடத்தும் ஸ்கெப் வாக்ஸ், பழைய ஹெவன்லி ஆல்பங்களை மறுபடி வெளியிடுவதோடு, சாரா காலத்துக் கலைஞர்களின் புதிய பாடல்களை 2022-இல் 'அண்டர் தி பிரிட்ஜ்' என்ற தொகுப்பாகவும் கொண்டுவந்தது. பழையதைத் தேடுவதும் புதியதைத் தொடர்வதும் இரண்டு வேலைகள் அல்ல என்று நான் சொல்வது இதனால்தான்; பல நேரங்களில் இரண்டுக்கும் பின்னால் இருப்பவர்கள் ஒரே ஆட்கள்.

இன்னொரு வழியும் உண்டு. பேண்ட்கேம்ப்பில் ஒரு ஆல்பத்தின் பக்கத்தில், அதை வாங்கியவர்களின் சிறு படங்கள் வரிசையாகத் தெரியும். உங்களுக்கு மிகவும் பிடித்த, அதிகம் பேர் வாங்காத ஒரு ஆல்பத்தைத் திறந்து, அதை வாங்கிய ஒருவரின் சேகரிப்புக்குள் போய்ப் பாருங்கள். ரசனை ஒத்துப்போகும் இரண்டு மூன்று பேர் கிடைத்துவிட்டால், ஓராண்டுக்குத் தேவையான இசை அங்கேயே இருக்கிறது.

கேள்வி: அசல் தட்டை அதிக விலை கொடுத்து வாங்குவதா, மறுவெளியீட்டை வாங்குவதா?

பதில்: மறுவெளியீட்டை வாங்குங்கள். பெல் அண்ட் செபாஸ்டியனின் 'டைகர்மில்க்' 1996-இல் வினைலில் ஆயிரம் பிரதிகள் மட்டுமே வந்தது. அந்தப் பிரதிகள் கைமாறும்போது வரும் பெருந்தொகையில் குழுவுக்கு ஒரு காசும் போவதில்லை. 1999-இல் வந்த மறுவெளியீட்டை வாங்கினால் போகும். வெளிநாட்டிலிருந்து தட்டை வரவழைக்கும் செலவு கட்டுப்படியாகாவிட்டால் டிஜிட்டல் பிரதியை வாங்கலாம். ஆண்டின் சில மாதங்களில் பேண்ட்கேம்ப் விற்பனையில் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் வெள்ளிக்கிழமை ஒன்று வரும். அன்று வாங்கினால் கலைஞருக்குக் கூடுதலாகக் கிடைக்கும்.

கேள்வி: என்னிடம் எங்குமே கிடைக்காத ஒரு டெமோ கேசட் இருக்கிறது. இணையத்தில் ஏற்றிவிடலாமா?

பதில்: முதலில் அதைக் கணினியில் பதிந்து பத்திரப்படுத்துங்கள், காந்த நாடா நாளுக்கு நாள் நலிந்துகொண்டே போகும். பிறகு உறையின் இரு பக்கங்களையும் படம் எடுத்து, பாடல் பட்டியலோடு டிஸ்காக்ஸில் பதிவு செய்யுங்கள். அந்தக் குழுவில் இருந்தவர்களே அந்தப் பதிவைப் பார்த்துத் தொடர்புகொள்ளக்கூடும். பாடல்களைப் பொதுவில் வைப்பதற்கு முன் அவர்களுடைய சம்மதத்தைக் கேளுங்கள். கிடைக்கும் வரை கேசட்டை வெயிலும் ஈரமும் படாத இடத்தில் நிமிர்த்தி வைத்திருங்கள்.