மாலை போடாமலே மறுக்கக் கற்றுக்கொண்ட கதை

'குடியை விட்டுவிட்டேன், ஆனால் விசேஷ வீடுகளில் உறவினர்கள் வற்புறுத்தும்போது எப்படிச் சமாளிப்பது?' என்று கேட்டிருக்கிறீர்கள். நான் காங்கேயம் பக்கத்துக்காரன். குடியை விட்டு ஆறு ஆண்டுகள் ஆகின்றன.

நான் குடித்த காலத்திலும் ஆண்டுக்கு 48 நாள் தொடமாட்டேன். பழனிக்கு மாலை போட்டு, கொடுமுடித் தீர்த்தத்துடன் நடந்து போகிற அந்த ஒரு மண்டலம் முழுவதும் யாரும் என்னிடம் 'ஊற்றட்டுமா' என்று கேட்டதே இல்லை; வழக்கமாக ஊற்றித் தருகிற தாய்மாமாவே, நான் வருவதைப் பார்த்ததும் டம்ளரைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவார். மலையிலிருந்து இறங்கிய வாரமே அவர், "அதான் மாலையக் கழட்டியாச்சல்லொ மாப்ளே, இன்னியென்ன?" என்பார். நம் ஊரில் தவணை சொல்லி மறுத்தால் மரியாதை உண்டு. தவணை இல்லாமல் மறுத்தால் அது உறவை மறுப்பதாகவே எடுத்துக்கொள்ளப்படுகிறது.

இது புரியாமல், விட்ட புதிதில் மஞ்சள் காமாலைக்கு மருந்து சாப்பிடுவதாகப் பொய் சொன்னேன். மூன்றே மாதத்தில் ஒரு கிடா விருந்தில், தோட்டத்துச் சாளை வீட்டுக்குப் பின்னால் வைத்து, "காமாலை போயிருக்குமல்லொ" என்று கணக்குக் கேட்டார்கள். அதன் பிறகு, "நான் குடிக்கறதில்லைங்க மாமா" என்பதோடு நிறுத்திக்கொண்டேன். காரணம் சொன்னால் அதற்கு மறுமொழி தேடுவார்கள். சொல்லாவிட்டால் நாலைந்து விசேஷங்களில் சலித்துப்போகிறார்கள். பந்தியில் ரச வாளியைத் தூக்கிக்கொண்டால் இன்னும் நல்லது, ஏனென்றால் இரண்டு கையும் வேலையாக இருப்பவனுக்கு யாரும் டம்ளர் நீட்டுவதில்லை. சோடாவை நானே உடைத்துக் குடிப்பேன். அன்பு மிகுதியில் கலந்து கொடுத்துவிடுகிற நண்பர்கள் எனக்கு இருந்தார்கள். சொந்த வண்டியில் போய், இருட்டுவதற்குள் திரும்பிவிடுவேன்.

கல்யாணத்தையும் கிடா வெட்டையும் விட எழவு வீடுதான் கடினம் என்பது என் அனுபவம். விட்ட ஏழாம் மாதத்தில் சித்தப்பா இறந்தார். மயானத்திலிருந்து வந்து தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈர வேட்டியோடு நின்றபோது, பங்காளி ஒருவர் எதுவும் பேசாமல் ஒரு கட்டிங்கை என் கையில் வைத்தார். அழுகிற மனிதரிடம் மறுப்பது அவமரியாதை என்று தோன்றியது. அந்த ஒரு டம்ளர் பதினோரு நாள் நீண்டது. இப்போதெல்லாம் அடக்கம் முடிந்த உடனே மனைவிக்குப் போன் செய்து வரச் சொல்லி, அவள் வண்டியில் ஏறிக் கிளம்பிவிடுகிறேன்; பேசுகிறவர்கள் பேசட்டும்.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். நாள்தோறும் அதிகமாகக் குடிப்பவர்கள் வீட்டிலேயே திடீரென்று நிறுத்திவிடக் கூடாது. முதல் இரண்டு மூன்று நாட்களில் கை நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணிலும் பேசலாம். குடியை நிறுத்தும் மாத்திரையை வீட்டார் சோற்றில் ரகசியமாகக் கலப்பதும் ஆபத்தானது. அது தெரியாமல் சாப்பிட்டவர் குடித்தால் இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கிவிடக்கூடும்.

மாமா இன்னும் ஒவ்வொரு விசேஷத்திலும் ஒரு முறை கேட்கத்தான் செய்கிறார். நானும் அதே ஒரு வரியைச் சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த இலைக்குப் போகிறேன்.