கால்நடை மருத்துவரிடம் உதவியாளராக வேலை பார்ப்பது எப்படி இருக்கும்? பிராணிகள் மேல் பிரியம் இருந்தால் போதுமா?

வேலை கேட்டுப் போன அன்று டாக்டர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "மாடு பிடிப்பியா?" நான் வேகமாக, "ரொம்பப் பிடிக்கும் சார்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "பிடிக்குமான்னு கேக்கல தம்பி, பிடிப்பியான்னு கேட்டேன்."

கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம் பக்கம் சொந்தமாகக் கிளினிக் நடத்தும் கால்நடை மருத்துவர் அவர். அவரோடு ஏழு வருஷம் ஓடிவிட்டது. அரசு மருந்தகத்தில் இருக்கும் கால்நடை பராமரிப்பு உதவியாளர், ஆய்வாளர் எல்லாம் வேறு. அறிவிப்பு வரும்போது விண்ணப்பித்துப் போகிற வேலைகள். நான் பார்ப்பது தனியார் வேலை. காலையில் கிளினிக்கில் நாயும் பூனையும். நாய்க்குப் பேண்டேஜ் துணியால் வாய்க்கட்டு, பூனைக்குத் துண்டு, குட்டிக்குப் பார்வோ என்கிற வைரஸ் நோய் வந்தால் தரை முழுக்க பிளீச்சிங் பவுடர். கழுவுகிற வேலைதான் பாதி, அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

மதியத்துக்கு மேல் பைக்கின் பின்னால் மருந்துப் பையோடு குலசேகரம், திருவட்டாறு, அருமனை. இங்கே பெரிய பண்ணைகள் குறைவு. ரப்பர் விளைக்கு நடுவில் ஒரு வீடு, பின்பக்கம் தொழுத்து, அதில் ஒன்றிரண்டு பசு, நாலு ஆடு. ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. வழுக்குகிற தரையில் முந்நூறு நானூறு கிலோ மாட்டோடு நிற்க வேண்டும்.

அதற்குப் பலம் தேவையில்லை, நிற்கிற இடம் தெரிந்தால் போதும். மாடு பக்கவாட்டில் வீசி உதைக்கும். தோள்பட்டையை ஒட்டி நின்றால் பெரும்பாலும் கால் எட்டாது. இழுத்தால் உடனே அவிழ்கிற முடிச்சுதான் போட வேண்டும். கயிற்றைக் கையில் சுற்றவே கூடாது. நான் முதல் மாதமே சுற்றினேன். மாடு ஓடியது, நானும் பின்னாலேயே ஓடினேன், கொஞ்ச தூரம் வயிற்றால்.

எனக்கு இந்த வேலையில் ரொம்பப் பிடித்தது கன்று போட்ட பசுவுக்கு வரும் பால் காய்ச்சல். பேர்தான் காய்ச்சல், உடம்பு சில்லென்று இருக்கும். கன்று போட்டு இரண்டு மூன்று நாளுக்குள் ரத்தத்தில் கால்சியம் குறைந்து, கழுத்தை விலாப்பக்கம் மடித்துப் படுத்துவிடும். வீட்டுக்காரர்கள் அழத் தொடங்கியிருப்பார்கள். டாக்டர் கழுத்து நரம்பில் ஊசியை ஏற்றி, காதில் ஸ்டெதஸ்கோப்போடு இதயத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். கால்சியம் பாட்டிலைப் பிடிப்பது நான். உயர்த்தினால் வேகமாக இறங்கும், வேகமாக இறங்கினால் இதயமே நின்றுவிடும். அவர் கண்ணைக் காட்டினால் நான் இறக்க வேண்டும். பாட்டில் முடியும்போது பசுவின் உடம்பு நடுங்கும், ஓர் ஏப்பம் வரும், சாணி போடும், பல நேரம் அப்படியே எழுந்து நின்றுவிடும். அந்த ஏப்பத்தைக் கேட்க எத்தனை மணிக்கும் போவேன்.

எல்லாம் அப்படி எழுந்துவிடாது. மரச்சீனி, அதாவது மரவள்ளிக்கிழங்கு, பிடுங்கும் காலத்தில் இலையையும் தோலையும் பச்சையாகத் தின்ற ஆடுகள், நாங்கள் போய்ச் சேருமுன்பே முடிந்திருக்கும். உள்ளே இருப்பது சயனைடு. மாற்று மருந்தான சோடியம் தயோசல்பேட் கையில் இருந்தும் நேரம் இருக்காது. வெயிலில் நன்றாக உலர்த்திப் போட்டால் விஷம் குறையும் என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்லி வருகிறோம்.

ஆனால் நான் சொல்ல வேண்டியது வேறொரு மாட்டைப் பற்றி. ஒரு சக்கைக் காலத்தில், அதாவது பலாப்பழக் காலத்தில், ஒரு மாமி போன் செய்தார். பசு வாயிலிருந்து எச்சில் ஒழுகுது, எதையும் விழுங்க முடியல, தொண்டையில் சக்கைக்கொட்டை மாட்டியிருக்கும் என்றார். டாக்டர் வேறொரு வீட்டில் இருந்ததால் நான் முன்னால் போனேன். பசு கழுத்தை நீட்டி, அடைத்த குரலில் ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் ஏற்கெனவே முழங்கை வரை உள்ளே விட்டுத் துழாவியிருந்தார். நானும் கையுறை போடாமல் தாடையைப் பிடித்துப் பார்த்தேன். அன்று காலையில்தான் மருந்துக் குப்பியை உடைக்கும்போது விரல் கிழிந்திருந்தது.

டாக்டர் வந்தார். வாசலில் நின்றபடியே, "யாரும் வாயத் தொடாதீங்க. நாய் ஏதும் கடிச்சுதா?" என்றார். மாமி யோசித்து, "ஒன்றரை மாசம் இருக்கும் டாக்டரே. மூக்குல சின்னதா. மஞ்சப்பொடி போட்டேன், ஆறிப்போச்சு."

வெறிநோய், ரேபிஸ். அந்தக் கட்டத்தில் மருந்து கிடையாது. கடித்த அன்றே சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவி, தடுப்பூசியும் தொடங்கியிருந்தால் பிழைக்க வழி இருந்தது. பாலைக் கறக்கக் கூடாது, கன்றை விடக் கூடாது என்று சொல்லிவிட்டு, பசுவைத் தொட்ட எல்லாரையும் டாக்டரே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். மாமி என்னைப் பார்த்துக் கேட்டார்: "அப்ப இதுக்கு ஒண்ணும் செய்யண்டாமா மக்களே?" எனக்குப் பதில் வரவில்லை. மூன்றாம் நாள் பசு போய்விட்டது. ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம்.

இந்த வேலைக்கு வருகிறவர்கள் முன்கூட்டியே மூன்று ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்: முதல் நாள், 7ஆம் நாள், 21 அல்லது 28ஆம் நாள். அதன் பிறகு கடிபட்டாலும் இரண்டே ஊசி போதும். டாக்டர் சேர்ந்த வாரத்திலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார், நான்தான் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டிருந்தேன். விளைவு, கிழிந்த விரலைச் சுற்றி ஓர் ஊசி, பிறகு தடுப்பூசிக்கு 0, 3, 7, 28ஆம் நாள் என்று நான்கு தடவை ஆஸ்பத்திரி. அந்த ஒரு மாதம் தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் ஒழுங்காக இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே குடித்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

சம்பளம் 8,000 ரூபாயில் தொடங்கினேன், இப்போது 15,000. பெட்ரோலும் மதியச் சாப்பாடும் டாக்டர் கணக்கு. இதைவிட ரப்பர் வெட்டப் போனால் கூடக் கிடைக்கும், அதை மறைப்பதில் பொருள் இல்லை. எங்கே சேர்ந்தாலும் சம்பளத்தைக் கேட்பதற்கு முன் ஊசிக்கு யார் காசு கொடுப்பார்கள் என்று கேளுங்கள். எங்கள் கிளினிக்கில் டாக்டரே கொடுக்கிறார். புதிதாக வரும் பையன் முதல் ஊசி போட்ட சீட்டைக் காட்டாமல் இப்போதெல்லாம் அவன் கையில் கயிறு தருவதில்லை.