நிமிர்ந்து நிற்கும் டைனமோ: பழைய எம்.ஜி. என்ஜின்கள் பற்றிய கேள்வி பதில்

1928-இல் வந்த மாரிஸ் மைனர் என்ற பிரிட்டிஷ் காரிலும், அதே 847 சிசி என்ஜினுடன் 1929-இல் விற்பனைக்கு வந்த எம்.ஜி. எம்-டைப்பிலும், அதன் வழித்தோன்றலான ஜே2-விலும் மின்சாரம் தரும் டைனமோ என்ஜினின் முன்புறம் செங்குத்தாக நிற்கிறது. கிராங்க் ஷாஃப்டின் சுழற்சியைப் பெவல் கியர் (சாய்வுப் பற்சக்கரம்) வழியாகப் பெற்று, சிலிண்டர் ஹெட்டில் வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்டுக்குக் கொண்டுசேர்ப்பது இந்த டைனமோவின் ஆர்மேச்சர், அதாவது அதன் உள்ளே சுழலும் பகுதிதான். எனவே இதன் உறையைப் பொருத்துவது முதலில் கியர் வேலை; மின்சார வேலை பிறகுதான்.

கேள்வி: டைனமோ உறையின் கீழ் விளிம்பில் எண்ணெய் கசிகிறது. காகிதக் கேஸ்கட்டை நீக்கிவிட்டுச் சிலிக்கோன் பூசி முறுக்கிவிடலாமா, ஐயா?

பதில்: கூடாது. அந்தக் காகிதத்தின் தடிமனும் ஷிம்கள் எனப்படும் மெல்லிய இடைத்தகடுகளின் தடிமனும் சேர்ந்துதான் ஆர்மேச்சரின் அடியிலுள்ள பற்சக்கரம் எவ்வளவு ஆழத்தில் இறங்குகிறது என்பதைத் தீர்மானிக்கின்றன. பசை பிதுங்கி எவ்வளவு மிஞ்சும் என்று யாராலும் சொல்ல முடியாது; பிதுங்கிய துணுக்கு எண்ணெய் வழியில் போய் அடைத்துக்கொள்ளவும் கூடும்.

கேள்வி: அப்படியானால் எத்தனை ஷிம் வைக்க வேண்டும்?

பதில்: எண்ணிக்கை சொன்னால் அது என் என்ஜினுக்கு மட்டுமே பொருந்தும். முதலில் ஆர்மேச்சர் பியரிங்கில் மேலும் கீழுமான ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். அது இருக்கும்வரை நீங்கள் அமைக்கும் எந்த அளவும் நிலைக்காது. பிறகு பற்களில் பிரஷ்யன் நீலம் என்ற சாயத்தை மெல்லியதாகத் தடவி, நட்டுகளை முழுமையாக முறுக்கிய நிலையில் கிராங்கைக் கையால் சுற்றி, பல்லின் நடுப்பகுதியில் தடம் விழுகிறதா என்று சோதிக்க வேண்டும். பல்லிடைத் தளர்வை ஓரிடத்தில் மட்டும் அளந்துவிட்டு நிறுத்தாதீர்கள். பழைய பற்சக்கரம் சற்றே கோணலாக ஓடுவது வழக்கம் என்பதால், சுற்றில் எங்கே மிக இறுக்கமாக இருக்கிறதோ அங்கேதான் கையேட்டில் உள்ள அளவு கிடைக்க வேண்டும். ஆழம் மிகுந்தால் ஓடும்போது ஊளைச் சத்தம் வரும். குறைந்தால் ஐட்லிங்கில் கடகடக்கும். ஒரு பற்சக்கரத்தை மட்டும் புதிதாக மாற்றுவதை நான் ஏற்பதில்லை. இரண்டையும் ஜோடியாக மாற்றுங்கள்.

கேள்வி: எவ்வளவு முறுக்கினாலும் உறையின் நட்டுகள் தளர்ந்துவிடுகின்றன.

பதில்: கேமின் மூக்கு வால்வைத் தள்ளும்போது சுமை ஒரு பக்கம் இழுக்கிறது, மூக்கு கடந்ததும் வால்வு ஸ்பிரிங் கேமை முன்னோக்கித் தள்ளுவதால் சுமை மறுபக்கம் திரும்புகிறது, எட்டு வால்வுகளுக்கும் இது ஓயாமல் நடப்பதால் உறை இருபுறமும் உலுக்கப்படுகிறது. கூடுதலாக முறுக்குவது ஸ்டட்டை (நட்டு ஏறும் மரையிட்ட தண்டை) இழுத்து நீட்டுமே தவிரப் பிடிமானத்தைக் கூட்டாது. விளிம்பின் இரு முகங்களிலும் பழைய பசை, பெயிண்ட், மேடு ஏதும் இல்லாமல் சுத்தம் செய்து, ஸ்டட்டின் மரைகளைச் சரிபார்த்து, குறுக்காக மாற்றி மாற்றிப் படிப்படியாக முறுக்கி, மடக்கு வாஷரால் பூட்டுங்கள். என்ஜின் ஒருமுறை சூடேறி ஆறிய பின் மீண்டும் சரிபாருங்கள்.

கேள்வி: சிலிண்டர் ஹெட்டை இழைத்த பிறகு ஆர்மேச்சரைக் கேம் ஷாஃப்டின் பெவல் கியருடன் இணைக்கும் மேல் கப்ளிங்கின் தகடுகள் வளைந்து நிற்கின்றன. உறை கோணலாக உட்கார்ந்திருக்குமோ?

பதில்: உறையின் மீது பழி இல்லை. ஹெட் தாழ்ந்ததால் மேல் பெவலும் அதோடு இறங்கி, கப்ளிங்கை அழுத்துகிறது. அந்த அழுத்தம் ஆர்மேச்சர் வழியாகக் கீழ்ப் பற்களுக்கும் போகிறது. இழைத்த அளவை கப்ளிங்கிலேயே ஈடுசெய்ய வேண்டும். கீழ் ஷிம்மைக் குறைத்து டைனமோவை இறக்கினால் சரியாக இருந்த பற்கள் கெட்டுவிடும்.

கேள்வி: டைனமோவில் கார்பன் பிரஷ்கள் உரசும் கம்யூட்டேட்டர் முழுக்க எண்ணெய், சார்ஜ் ஏறவில்லை.

பதில்: மேல் பெவல் ஷாஃப்டைச் சுற்றி எண்ணெய் இறங்குகிறது, இந்த வடிவமைப்பின் பிறவிக் குறை இது. அங்கே ரப்பர் உதடு கொண்ட ஆயில் சீல் போடுவது நல்லது. ஊறிப்போன கார்பன் பிரஷ்களைக் கழுவிப் பயனில்லை, மாற்றிவிடுங்கள்.

கேள்வி: டைனமோவைக் கழற்றினால் டைமிங் போய்விடுமா?

பதில்: போகும். முதல் பிஸ்டனை மேல் முனைக்குக் கொண்டுவந்து, கப்ளிங்கின் இரு பாதிகளிலும் குறியிட்ட பிறகே கழற்றுங்கள். கப்ளிங் பிரிந்ததும் வால்வு ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் கேம் ஷாஃப்ட் தானாகச் சற்றுத் திரும்பலாம்; திரும்பப் பூட்டும்போது குறிகள் நேர்கோட்டில் வரும்வரை கிராங்கைத் தொடாதீர்கள்.