இருட்டில் குறி பார்க்கப் பயிற்சி உண்டா?

கேள்வி: ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று, எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டிய கிடங்கு ஒன்றில் ஆயுதக் காவலராக இரவுப் பணி பார்க்கிறேன். உரிமம் பெற்ற 12 போர் (bore, குழல் அளவு) இரட்டைக்குழல் துப்பாக்கி வைத்திருக்கிறேன். பகலில் குறி தப்பாத எனக்கு, இருட்டில் குழல் முனையில் உள்ள பித்தளை மணியே தெரிவதில்லை. இதற்கெனத் தனிப் பயிற்சி உண்டா?
- வாசகர், திருவொற்றியூர்

பதில்: உண்டு. ஆனால் அதில் பெரும்பகுதி சுடப் பழகுவதல்ல, பார்க்கப் பழகுவது. கண்ணுக்குள் மங்கிய ஒளியை உணரும் குச்சி செல்கள், வெளிச்சத்தில் இருந்து இருளுக்குள் வந்தபின் முழுத் திறனை எட்ட 20 முதல் 30 நிமிடங்கள் ஆகும். அதோடு, விழித்திரையின் நட்ட நடுவில் அவை இல்லவே இல்லை. எனவே பகலில் பழகியபடி ஓர் உருவத்தை நேராக உற்றுப் பார்த்தால் அது மறைந்துபோகும், பார்வையைச் சற்றே பக்கவாட்டில் செலுத்தினால் புலப்படும். கண்டெய்னர் லாரியின் முகப்பு விளக்கு ஒருமுறை கண்ணில் பட்டாலே இந்த இருட்டுப் பழக்கம் கலைந்துவிடும் என்பதால், லாரி திரும்பும்போது குறி பார்க்கும் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். இரு கண்களும் தனித்தனியே இருளுக்குப் பழகுவதால் மூடிய கண் தப்பித்துக்கொள்ளும்.

டார்ச்சைக் குழலோடு கட்டிவைப்பதை நான் விரும்புவதில்லை. வெளிச்சம் போகும் இடமெல்லாம் குழலும் போகும். தேடுவதற்குத் தனி டார்ச், குழல் தரையை நோக்கி, விரல் விசைக்கு வெளியே என்பதே சரி. வெள்ளைக் கண்டெய்னரின் மீது மிக அருகில் இருந்து அடித்தால் வெளிச்சம் திரும்பி வந்து உங்கள் கண்ணையே கூச வைக்கும் என்பதும் நினைவிருக்கட்டும். உங்கள் பக்கம், விடியுமுன் காசிமேட்டு மீன் ஏலத்துக்கு விரைபவர்கள் நடமாடும் பகுதி. கையில் இருப்பது கத்தியா, தூக்குச்சட்டியா என்று உறுதியாகத் தெரியாத உருவத்தை நோக்கித் துப்பாக்கியை உயர்த்துவதே தவறு.

இவற்றையெல்லாம் தோட்டா இல்லாத துப்பாக்கியோடு, இருவர் தனித்தனியே குழலைத் திறந்து சோதித்த பிறகு பழகலாம். தோட்டாவோடு பழகுவது அங்கீகரிக்கப்பட்ட சுடுதளத்தில், பயிற்சியாளர் முன்னிலையில் மட்டுமே. அலட்சியமாகச் சுட்டு உயிருக்கு ஆபத்து விளைவித்தால், 2019-இல் திருத்தப்பட்ட ஆயுதச் சட்டப்படி 2 ஆண்டுகள் வரை சிறையோ, 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும். முதல் குண்டின் தீப்பிழம்பு கண்ணை எப்படி மறைக்கிறது என்பதைச் சுடுதளத்தில்தான் அறிய முடியும். விளையாட்டுச் சுடுதளங்கள் இலக்கைப் பளிச்சென ஒளியூட்டி நடத்தப்படுபவை. விளக்குகளைப் படிப்படியாகக் குறைத்துப் பயிற்சி தர இயலுமா என்று கட்டணம் செலுத்தும் முன்பே கேட்டுவிடுங்கள்.