பழைய வீட்டு வேலை ஏன் தொடங்க மறுக்கிறது?

வீடு பராமரிப்பு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மாமனார் காலத்து மெட்ராஸ் டெரஸ் (மரக்கட்டைகளின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் அடுக்கிய கூரை) வீட்டில் நானும் கணவரும் மட்டும் வசிக்கிறோம். கூடத்தின் கூரை இரண்டு மழைக்காலமாக ஒழுகுகிறது. கணவருக்கு முழங்கால் வலி கடுமையாக இருப்பதால் வெஸ்டர்ன் டாய்லெட் அவசரமாகத் தேவைப்படுகிறது. சமையலறைத் தரையும் பெயர்ந்துவிட்டது. எட்டு மாதமாக ஆள் தேடுகிறோம். ஒருவர் வந்து அளந்துகொண்டு போனார். அதன்பின் அவர் போனையே எடுக்கவில்லை. இன்னொருவர் பாதித் தொகையை முன்பணமாகக் கேட்டார்; ஆனால் கணக்கு எழுதித்தர மறுத்தார். மூன்றாமவர், இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள் என்று சொல்லிவிட்டார். பணம் கையில் இருந்தும் ஒரு செங்கல்கூட நகரவில்லை. எங்கே தவறு செய்கிறோம்?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, மயிலாடுதுறை

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்தபோது மனம் கனத்துப்போனது, அம்மா. தவறு உங்களுடையது என்று நினைத்து வருந்த வேண்டாம். புது வீடு என்றால் மேஸ்திரி சதுர அடிக்கு இவ்வளவு என்று நின்ற இடத்திலேயே விலை சொல்லிவிடுவார். பழைய வீட்டில் தட்டிப் பார்த்தாலொழிய உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது. அத்துடன் கொத்தனார், பிளம்பர், எலக்ட்ரீஷியன், டைல்ஸ் பதிப்பவர், தச்சர் என்று ஐந்து பேரை முறைவைத்து அழைத்துவர வேண்டும். ஒருவர் தாமதித்தால் மற்ற நால்வருக்கும் கூலி நாள் வீணாகும். உங்களிடம் வந்த மூவரும் அஞ்சியது இந்த ஒன்றுக்குத்தான். முதலாமவர் ஒதுங்கிக்கொண்டார், இரண்டாமவர் பெரிய முன்பணத்தால் தம்மைக் காத்துக்கொள்ளப் பார்த்தார், மூன்றாமவர் தமக்குப் பழக்கமான புதுக் கட்டட வேலைக்கு உங்களை இழுத்தார்.

ஆகவே மேஸ்திரியைத் தேடுவதைச் சில நாள் நிறுத்திவைத்து, பழைய சுண்ணாம்புக் கட்டடங்களில் வேலை செய்து பழகிய ஒரு சிவில் பொறியாளரை, அவருக்குரிய கட்டணத்தைக் கொடுத்து, வீட்டைப் பார்வையிட அழையுங்கள். இலவசமாக அளந்துபோகிறவருக்குத் திரும்பி வரவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. கட்டணம் வாங்கியவர் எழுத்தில் அறிக்கை தரவேண்டியவர். இந்த ஒரு செலவில் கஞ்சத்தனம் பார்ப்பதால்தான் பல வீடுகளில் மாதங்கள் வீணாகின்றன என்பது என் உறுதியான கருத்து.

கூரையை மேலிருந்து பார்த்தால் மட்டும் போதாது. தேக்கு உத்திரங்களின் மேல் கட்டைகளை வரிசையாகப் பரப்பி, அவற்றின் மேல் சிறிய செங்கற்களைக் குத்துவாட்டில் நிறுத்திச் சுண்ணாம்புக் கலவையில் மூலைவாட்டமாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த சுர்க்கியை அடித்து இறுக்கி, கடைசியில் தட்டோடு எனும் தட்டையான ஓட்டைப் பதிப்பதுதான் மெட்ராஸ் டெரஸ். ஒழுகும் இடத்துக்கு நேர்மேலே இரண்டடிக்கு இரண்டடி அளவில் தட்டோட்டையும் சுர்க்கியையும் பெயர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். கீழே, மரக்கட்டை சுவருக்குள் நுழையும் முனையை ஸ்குரூடிரைவரால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். நான் பார்வையிட்ட ஒரு வீட்டில் கட்டைகள் அனைத்தும் எண்ணெய்ப் பெயின்ட் பூசப்பட்டுப் பளபளவென்று இருந்தன. சுவரோரம் குத்தியபோது ஸ்குரூடிரைவர் வெண்ணெயில் இறங்குவதுபோல ஓர் அங்குலம் இறங்கியது. வெளியே இழுத்தபோது ஈரமான மரத்தூள் ஒட்டிக்கொண்டு வந்தது. ஆனால் பதினான்கு கட்டைகளில் மூன்றுதான் அப்படி இருந்தன. உத்திரத்துக்கு முட்டுக்கொடுத்து அந்த மூன்றை மட்டும் மாற்றியதும் கூரை நிலைத்தது. அதுவரை அந்த வீட்டாரும் இடித்துக் கட்டும் முடிவில்தான் இருந்தார்கள்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து செய்துவிடாதீர்கள். ஒழுகுகிறது என்றவுடன் பழைய தட்டோட்டின் மேலேயே சிமென்ட் கலவையைக் கனமாகப் பூசச் சொல்லுவார்கள். சுண்ணாம்புத் தளம் ஈரத்தை மெல்ல வெளியே விடும் தன்மை கொண்டது; மேலே சிமென்ட் மூடிக்கொண்டால் அந்த ஈரம் கீழே உள்ள மரத்தைத்தான் தேடிப் போகும். கூடுதல் பாரமும் அந்தக் கட்டைகளின் மேல்தான் ஏறும். கைப்பிடிச்சுவரில் அரசங்கன்று முளைத்திருந்தால் அதை வேரோடு எடுத்து அந்த இடத்தைச் சுண்ணாம்பால் அடைக்க வேண்டும். தண்டை மட்டும் வெட்டினால் மறுபடியும் தழைத்துவிடும்.

பொறியாளரின் அறிக்கை கிடைத்ததும் வேலைப் பட்டியல் ஒன்றைத் தயாரித்துக்கொள்ளுங்கள். ‘கூரை ரிப்பேர்’ என்று ஒற்றை வரியில் எழுதினால் பயனில்லை. எத்தனை கட்டை மாற்ற வேண்டும், எத்தனை சதுர அடி சுர்க்கி எடுத்துப் போட வேண்டும், தட்டோடு எத்தனை சதுர அடி, பெயர்த்த குப்பையை அகற்றும் பொறுப்பு யாருடையது, பொருள் நீங்கள் வாங்கித் தருவதா அவர் வாங்குவதா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். அந்த ஒரே பட்டியலை மூன்று மேஸ்திரிகளிடம் கொடுத்து, ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியே விலை எழுதித்தரச் சொல்லுங்கள். தெரியாதது குறைந்தவுடன் மேஸ்திரியின் அச்சமும் குறைகிறது, அவர் கேட்கும் முன்பணமும் குறைகிறது. இதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

உங்கள் கணவரின் குளியலறையைக் கூரைக்காகக் காத்திருக்க வைக்க வேண்டாம். அது எல்லை தெரிந்த, சிறிய வேலை. கூரைக் குழு கிடைக்கும் முன்பே தனியாகத் தொடங்கிவிடலாம். வாசலை மூன்றடி அகலமாக்க முடியுமா என்று பாருங்கள். கைப்பிடிக் கம்பியை டைல்ஸில் ஒட்டினாற்போல் வைக்காமல், சுவருக்குள் ஆழமாக இறங்கும் போல்ட்டால் பொருத்தச் சொல்லுங்கள். வழுக்காத தரை டைல்ஸ் வாங்குங்கள். டைல்ஸ் பதிப்பதற்கு முன், நீர்த்தடுப்புப் பூச்சு முடிந்தவுடன், வடிகால் வாயை அடைத்து ஓர் அங்குல உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தி 48 மணி நேரம் பார்த்தே தீர வேண்டும்.

கூரை வேலையை வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்கு முன் முடித்துவிட வேண்டும். ஆடியில் புது வீட்டு வேலை தொடங்குவோர் குறைவு என்பதால் அந்த மாதத்தில் கொத்தனார்கள் எளிதில் கிடைப்பார்கள். ஒழுகும் கூரையைச் சரிசெய்வதற்கு ஆடி தடையில்லை என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் பேசித் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். ஆடிக் காற்றில் சுண்ணாம்பு விரைவாகக் காய்ந்துவிடும் என்பதால் புதிய தளத்தின் மேல் ஈரச்சாக்கு விரித்து வைப்பது மட்டும் அவசியம்.

கேள்வி: சமையலறையை மாற்றி, தரைக்கு டைல்ஸ் போட்டு, மாடியில் ஓர் அறை எடுக்க நினைக்கிறோம். அனுமதி கிடைக்கும்வரை எதையும் தொடக்கூடாது என்று ஒப்பந்ததாரர் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறார். அது உண்மையா?
– வாசகர், தாம்பரம்

பதில்: பாதி உண்மை. தரை மாற்றுவது, பூச்சுவேலை, வண்ணம் அடிப்பது, கட்டடத்தின் பரப்பு கூடாத உள்மாற்றங்கள் போன்றவற்றுக்கு 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி திட்ட அனுமதி தேவையில்லை. மாடியில் அறை எடுப்பது பரப்பைக் கூட்டும் வேலை. அதற்கு அனுமதி கட்டாயம். கீழ்த்தள வேலையை இப்போதே தொடங்கச் சொல்லுங்கள். ஆனால் மாடி அறைக்கான குழாய், மின்குழாய் ஆகியவை செல்லும் வழியை முன்கூட்டியே வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் புது டைல்ஸை மறுபடியும் உடைக்க நேரும். சமையலறையை விரிவாக்க எந்தச் சுவரை இடிக்கச் சொன்னாலும், ஒன்பது அங்குலச் சுவராக இருந்தால் பொறியாளர் பார்க்காமல் கை வைக்க விடாதீர்கள். நாலரை அங்குலச் சுவரானாலும் மேலே பாரம் நிற்கிறதா என்று பார்த்துவிடுவதே நல்லது. 2024 ஜூலையில் வந்த சுயசான்றிதழ் முறை (உரிமையாளர் தாமே உறுதியளித்து இணையவழியில் உடனடியாக அனுமதி பெறுவது), 2,500 சதுர அடிக்குள்ளான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் சிறிய வீடுகளுக்கானது. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவோர் அதைக் கருதலாம்.

கேள்வி: முன்பணம் ஒரு லட்சம் வாங்கிய மேஸ்திரி, நான்கு நாளில் பழைய தரையை முழுவதும் பெயர்த்துப் போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார். ஒரு மாதமாக மண் தரையில் நடக்கிறோம். என்ன செய்வது?
– வாசகி, திருச்சி

பதில்: குழந்தைகளும் முதியவர்களும் உள்ள வீட்டில் இந்தத் துன்பம் எவ்வளவு பெரியது என்பதை அறிவேன். முதலில் வீட்டின் இன்றைய நிலையைத் தேதி தெரியும்படி படமெடுத்து வையுங்கள். பணம் கொடுத்ததற்கான வங்கிப் பதிவு, அவருடன் பரிமாறிய செய்திகள் ஆகியவற்றை ஒரு கோப்பில் சேருங்கள். பிறகு, இத்தனை நாளுக்குள் வேலையைத் தொடராவிட்டால் செய்த வேலைக்கான கூலி போக மீதியைத் திருப்பித்தர வேண்டும் என்று சேர்ப்பித்ததற்கான சான்று கேட்டு ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்புங்கள். பெரும்பாலும் இந்தக் கடிதத்துக்கே ஆள் வந்துவிடுகிறார். வராவிட்டால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வீட்டுக் கட்டுமானமும் ஒரு சேவையாகவே சொல்லப்பட்டிருப்பதால், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் புகார் தர வேண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் வழி கேட்டுக்கொள்ளலாம்.

அதற்காகத் தரையை அப்படியே போட்டு வைக்க வேண்டாம். பெயர்த்த பரப்பை அளந்து எழுதி, அடுத்த மேஸ்திரியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு வேலையைத் தொடருங்கள். இம்முறை முன்பணம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். அடிமண்ணைத் திமிசு போட்டு இறுக்கியதும் ஒரு தவணை, கான்கிரீட் போட்டதும் ஒரு தவணை, டைல்ஸ் பதித்ததும் ஒரு தவணை என்று வேலை முடிய முடியக் கொடுங்கள். கடைசித் தவணையை, ஒவ்வொரு டைல்ஸையும் நாணயத்தால் தட்டிப் பார்த்து, வெற்றொலி கேட்பவற்றை அவர் மாற்றிப் பதித்த பிறகு கையில் கொடுங்கள்.